நெடும்பயண மோட்டார் சைக்கிள்: நீண்டகால நம்பகத்தன்மையும் டீலர் சேவையும்

நெடும்பயண மோட்டார் சைக்கிள் என்பது ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் தூரத்தைச் சுமையுடனும், பல வேளைகளில் பின்னிருக்கையில் ஒருவருடனும், அதிகக் களைப்பின்றிக் கடப்பதற்காக வடிவமைக்கப்பட்ட இருசக்கர வண்டியாகும். ஓட்டுநர்கள் இதை டூரிங் பைக் என்றே அழைக்கின்றனர். நகருக்குள் ஓடும் வண்டி பழுதானால் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விடலாம். நெடும்பயண வண்டியோ வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழி தெரியாத ஊரில், மலைச்சாலையில் நின்றுபோகக்கூடும். ஆகவே இத்தகைய வண்டியை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர், எஞ்சினின் வலிமையோடு மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டும்: உதிரிபாகம் கிடைக்குமா, அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா, விற்ற நிறுவனம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் கடை திறந்திருக்குமா என்பவையே அவை.

வகைகள்

நெடும்பயண வண்டிகளை மூன்று பிரிவாகக் கொள்வது வழக்கம்.

• முழு நெடும்பயண வண்டிகள்: பெரிய காற்றுத்தடுப்பு, நிலையான பெட்டிகள், அகன்ற இருக்கை ஆகியவற்றைக் கொண்டவை. ஹோண்டா கோல்ட் விங், ஹார்லி டேவிட்சன் எலெக்ட்ரா கிளைட் ஆகியன இவ்வகை.

• விரைவு நெடும்பயண வண்டிகள்: வேகமும் சுமை தாங்கும் திறனும் கலந்தவை. யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 இதற்கு எடுத்துக்காட்டு.

• சாகசப் பயண வண்டிகள்: மண்சாலையிலும் செல்லத்தக்க உயரமும் நீண்ட அதிர்வுதாங்கிகளும் உடையவை. பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். வரிசை, கவாசாகி கே.எல்.ஆர். 650, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் ஆகியன இப்பிரிவில் அடங்கும்.

இவ்வண்டிகள் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதற்கு அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியோ ஸ்கோட்டோ ஒரு சான்று. இவர் 1985 முதல் 1995 வரை ஒரே கோல்ட் விங் வண்டியில் உலகைச் சுற்றி, ஏறத்தாழ 7,35,000 கி.மீ. தூரம் கடந்தார். இது கின்னஸ் பதிவுகளில் இடம்பெற்ற பயணமாகும்.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

நம்பகமான வண்டி என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது மூன்று தனித்தனிக் குணங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. பழுதாகாமை: குறிப்பிட்ட காலத்தில் அல்லது தூரத்தில் வண்டி எத்தனை முறை பழுதாகிறது என்பது.

2. நீடித்துழைப்பு: எஞ்சின், கியர்பெட்டி போன்ற பெரிய உறுப்புகள் தேய்ந்து பயனற்றுப்போக எவ்வளவு காலம் ஆகும் என்பது.

3. பழுதுநீக்க எளிமை: பழுதானபின் வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர எத்தனை நாள், எவ்வளவு பணம், எவ்வளவு திறமை தேவை என்பது.

இவற்றின் வேறுபாட்டை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவரிடம் உள்ள வண்டி ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை பழுதாகிறது. மூன்று முறையும் அன்று மாலைக்குள் சரியாகிவிடுகிறது. இன்னொருவரின் வண்டி ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பழுதாகிறது. ஆனால் ஒரு மின்னணுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை ஆறு வாரங்கள் பணிமனையில் கிடக்கிறது. பழுதுகளை எண்ணினால் இரண்டாவது வண்டியே சிறந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு நீண்ட விடுமுறை உள்ளவருக்கு அந்த ஆறு வாரங்கள் அவ்விடுமுறையில் வந்து விழுந்தால், அவர் கணக்கு வேறாக இருக்கும். வண்டியின் முதல் இரண்டு குணங்களைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. மூன்றாவதைத் தீர்மானிப்பதில் டீலரின் பங்கு பெரிது.

ஒரு கணக்கெடுப்பு காட்டும் உண்மை

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் தன் வாசகர்களிடம் நடத்திய மோட்டார் சைக்கிள் கணக்கெடுப்பின் முடிவை 2015இல் வெளியிட்டது. நான்கு ஆண்டு பழைய வண்டிகளில் எத்தனை விழுக்காடு பழுதாகக்கூடும் என்ற மதிப்பீடு அதில் இருந்தது. ஓடிய தூரத்தின் வேறுபாடும் அதில் சரிசெய்யப்பட்டிருந்தது.

• யமஹா: 11 விழுக்காடு
• சுசுகி, ஹோண்டா: 12 விழுக்காடு
• கவாசாகி: 15 விழுக்காடு
• விக்டரி: 17 விழுக்காடு
• ஹார்லி டேவிட்சன்: 26 விழுக்காடு
• டிரையம்ஃப்: 29 விழுக்காடு
• டுகாட்டி: 33 விழுக்காடு
• பி.எம்.டபிள்யூ.: 40 விழுக்காடு

அதே கணக்கெடுப்பில், "மறுபடியும் வாங்குவதானால் இதே வண்டியை வாங்குவீர்களா?" என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. கட்டாயம் வாங்குவோம் என்றவர்கள் விக்டரியில் 80 விழுக்காடு, ஹார்லியில் 72 விழுக்காடு, ஹோண்டாவில் 70 விழுக்காடு. பழுது குறைவாக இருந்த யமஹா இந்தப் பட்டியலின் முதல் மூன்று இடங்களில் இல்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உரிமையாளரின் மனநிறைவும் வண்டியின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல. "என் வண்டி அருமை" என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து வாங்கிவிடக் கூடாது. மற்றொன்று, இந்த எண்கள் குறிப்பிட்ட நாட்டின், குறிப்பிட்ட ஆண்டுகளின் வண்டிகளுக்கு உரியவை. அவற்றை அப்படியே இன்றைய இந்தியச் சாலைக்குப் பொருத்திவிட முடியாது. அன்று மனநிறைவில் முதலிடம் பெற்ற விக்டரிக்கு இரண்டே ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பது பின்னர் கூறப்படும்.

காலப்போக்கில் கவனம் வேண்டும் உறுப்புகள்

நெடும்பயண வண்டியின் எஞ்சின் எளிதில் கெட்டுப்போவதில்லை. ஒரே சீரான வேகத்தில், நன்கு சூடேறிய நிலையில் நீண்ட நேரம் ஓடுவது எஞ்சினுக்கு நல்லதே. தொல்லை தருபவை பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியுள்ள உறுப்புகளாகும்.

பின்சக்கரத்துக்கு விசை செல்லும் வழி: இதற்குச் செயின், பெல்ட், ஷாஃப்ட் என மூன்று அமைப்புகள் உண்டு. செயின் மலிவானது, எந்த ஊரிலும் மாற்றலாம். ஆனால் ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டு, தொய்வைச் சரிபார்க்க வேண்டும். பெல்ட் ஓசையின்றி ஓடும், எண்ணெயும் கேட்காது. இடையில் கல் சிக்கினால் அறுந்துபோகக்கூடும். சுழலும் தண்டாகிய ஷாஃப்ட்டுக்கு அவ்வப்போது எண்ணெய் மாற்றினால் போதும். எனினும் அது பழுதானால் சாலையோரத்தில் சரிசெய்ய இயலாது. செலவும் மிக அதிகம். அடிக்கடி சிறு வேலை வைப்பது செயின். அரிதாகப் பெரிய வேலை வைப்பது ஷாஃப்ட்.

வால்வு இடைவெளி: எஞ்சின் வால்வுகளுக்கும் அவற்றை இயக்கும் உறுப்புக்கும் இடையே நுண்ணிய இடைவெளி இருக்க வேண்டும். ஓட ஓட இது மாறும். யமஹா எஃப்.ஜே.ஆர். 1300இல் இதை ஏறத்தாழ 42,000 கி.மீ.க்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஆனால் அதற்குப் பல பாகங்களைக் கழற்ற வேண்டும். பி.எம்.டபிள்யூ.வின் பழைய பாக்சர் எஞ்சின்களில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் சிலிண்டர்கள் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் உரிமையாளரே வீட்டில் செய்துவிடலாம். ஹார்லியின் பெரிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருப்பதால் இந்த வேலையே இல்லை. சர்வீஸ் இடைவெளியை மட்டும் பார்க்காமல், அந்த சர்வீஸுக்கு எத்தனை மணி நேரக் கூலி என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மின்னமைப்பு: எஞ்சினுடன் சுழலும் மின்னாக்கி தரும் மாறுமின்னோட்டத்தை, ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற பாகம் நேர்மின்னோட்டமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. கூடுதல் விளக்குகள், கைப்பேசி சார்ஜர், சூடேற்றும் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது இவ்வமைப்பின் மீது சுமை கூடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டரால் இதை அளந்துவிடலாம். பயணத்துக்கு முன் இந்த ஓர் அளவீடு, நடுவழியில் நின்றுபோகும் பல சந்தர்ப்பங்களைத் தவிர்க்கும்.

ஓடாமல் நின்றாலும் கெடுபவை: பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பிரேக் பிடிமானம் இழக்கும். ஆகவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. டயரும் அப்படியே. அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் பல ஆண்டு பழைய டயர் மழையில் வழுக்கும்.

டீலரின் பங்கு

டீலர் என்பவர் வண்டியை விற்பவர் மட்டுமல்லர். நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் அவரே. அவருடைய பொறுப்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

• பெட்டியில் வந்த வண்டியைப் பூட்டி, ஒப்படைக்கும் முன் ஒவ்வோர் இணைப்பையும் சரிபார்த்தல்
• முதல் சர்வீஸில் எண்ணெயை மாற்றி, தளர்ந்த போல்ட்டுகளை உரிய அளவுக்கு இறுக்குதல்
• கணினிக் கருவியால் வண்டியின் மின்னணுப் பிழைக் குறிகளைப் படித்தல்
• வாரண்டி கோரிக்கையை நிறுவனத்திடம் எடுத்துச்சென்று வாதாடுதல்
• நிறுவனம் அறிவிக்கும் திரும்ப அழைப்பு வேலைகளைச் செய்தல்
• அடிக்கடி தேவைப்படும் உதிரிபாகங்களை இருப்பில் வைத்தல்

பணிமனையின் தரம் வண்டியின் பாதுகாப்பை நேரடியாகத் தொடுவதற்கு ஒரு சான்று உண்டு. பி.எம்.டபிள்யூ. 2015இல் தன் பெரிய வண்டிகள் பலவற்றைத் திரும்ப அழைத்தது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியத் தட்டு, சக்கரத் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் காணக்கூடும் என்பதே காரணம். அந்தத் தட்டு எஃகால் ஆனதாக மாற்றப்பட்டது. வடிவமைப்பில் இருந்த ஒரு மென்மை, டயர் மாற்றிய கையின் கவனக்குறைவோடு சேர்ந்தபோதுதான் ஆபத்தானது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒரு பணிமனையில் இருக்கிறதா, அது சுவரில் தொங்குகிறதா அல்லது உண்மையில் பயன்படுகிறதா என்று பார்ப்பது வேடிக்கையான சோதனையல்ல.

ஒரே நிறுவனத்தின் இரண்டு டீலர்களிடையே பெரும் வேறுபாடு இருக்கும். அதற்குக் காரணம் பெயர்ப்பலகையன்று, உள்ளே வேலை செய்யும் மெக்கானிக். அனுபவமுள்ள மெக்கானிக் வேலையை விட்டுப் போனால், நல்ல பெயரெடுத்த பணிமனையும் ஓராண்டில் தாழ்ந்துவிடும். ஆகவே சர்வீஸுக்கு விடும்போது யார் அந்த வண்டியில் கை வைத்தார் என்று தெரிந்துகொள்வது, அவரிடம் நேரில் இரண்டு வார்த்தை பேசுவது ஆகியன உரிமையாளருக்கு நீண்டகால நன்மை தரும்.

அறிந்த குறையும் அறியாத குறையும்

குறையே இல்லாத வண்டி கிடையாது. எங்கே குறை என்று தெரிந்த வண்டி, தெரியாத வண்டியைவிடப் பாதுகாப்பானது. 1987இல் அறிமுகமான கவாசாகி கே.எல்.ஆர். 650 இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் சமநிலைச் செயினை இழுத்துப்பிடிக்கும் ஒரு சிறு நெம்புகோல் அதில் உடையக்கூடியதாக இருந்தது. உடைந்த துண்டு எஞ்சினுக்குள் விழுந்தால் பெருஞ்சேதம். உரிமையாளர்கள் ஒருவரோடொருவர் பேசி இதைக் கண்டறிந்தனர். வலுவான மாற்று நெம்புகோலைச் சிறு பணிமனைகள் செய்து விற்றன. அந்த ஒரு பாகத்தை மாற்றியபின் உலகைச் சுற்றுவோர் நம்பி ஏறும் வண்டிகளுள் ஒன்றாக அது நிலைத்தது. ஆகவே புது மாடல் வந்த முதல் ஆண்டிலேயே வாங்காமல், இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து பிறர் அனுபவத்தைக் கேட்டு வாங்குவது விவேகம் எனலாம்.

தயாரிப்பாளரே குறையை ஒப்புக்கொண்டு, வண்டிகளை வரவழைத்து இலவசமாகச் சரிசெய்வது திரும்ப அழைப்பு எனப்படும். ஹோண்டா 2011 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கோல்ட் விங் வண்டிகளைப் பின்பிரேக் விடுபடாமல் இழுத்துப் பிடிக்கக்கூடும் என்பதற்காக அழைத்தது. ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் கிளாசிக், புல்லட், மீட்டியோர் மாடல்களில் 2,36,966 வண்டிகளை, எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் இக்னிஷன் காயிலில் குறை இருக்கக்கூடும் என்பதற்காக அழைத்தது. அவற்றில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான வண்டிகளுக்கே பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் தெரிவித்தது. திரும்ப அழைப்பு வந்தது என்பதால் ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. குறையை மறைக்கும் நிறுவனத்தைவிட அறிவிக்கும் நிறுவனம் மேல். பழைய வண்டி வாங்குபவர் அதன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று டீலரிடம் கேட்க வேண்டும்.

நிறுவனமே வெளியேறினால்

நெடும்பயண வண்டியை வாங்குவோர் பத்து, பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பதுண்டு. நிறுவனங்களின் திட்டங்களோ அதைவிடக் குறுகிய காலத்தில் மாறிவிடுகின்றன.

மேலே குறிப்பிட்ட விக்டரி, அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனத்துக்கு உரியது. அதன் முதல் வண்டி 1998இல் வெளிவந்தது. கிராஸ் கன்ட்ரி, விஷன் போன்ற நெடும்பயண மாடல்கள் நற்பெயர் பெற்றன. உரிமையாளர்களின் மனநிறைவில் முதலிடமும் கிடைத்தது. ஆனாலும் 2017 ஜனவரி 9 அன்று விக்டரியை மூடுவதாகப் போலாரிஸ் அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்கச் செய்வோம் என்று உறுதியும் அளித்தது. வண்டி நல்லதாக இருப்பது வேறு, அதை விற்கும் வணிகம் லாபகரமாக இருப்பது வேறு என்பதை உரிமையாளர்கள் அன்று உணர்ந்தனர்.

இந்தியாவில் இதற்கு ஒப்பான நிகழ்வு 2020 செப்டம்பரில் நடந்தது. 2009இல் இந்தியாவுக்குள் வந்து, ஹரியானாவின் பாவலில் ஆலை நடத்திய ஹார்லி டேவிட்சன், இங்கு உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வண்டி வாங்கியிருந்தவர்கள் சர்வீஸுக்கு எங்கே போவது என்று தவித்தனர். முதலீடு செய்திருந்த டீலர்கள் இழப்பீடு கேட்டனர். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் உடன்பாடு ஏற்பட்டு, விற்பனை, உதிரிபாகம், சர்வீஸ் ஆகியவற்றை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ் 440 மாடல் 2023இல் வெளிவந்தது. பெயர் பிழைத்தது, ஆனால் பழைய டீலர்களுள் பலர் தொடரவில்லை. பக்கத்து ஊர் டீலர் மூடிவிட்டால், அந்த உரிமையாளருக்கு ஒவ்வொரு சர்வீஸும் ஒரு சிறு பயணமாகிவிடுகிறது.

வாரண்டியும் சட்டமும்

வாரண்டி என்பது குறிப்பிட்ட காலம் அல்லது தூரம், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை தயாரிப்புக் குறைகளை இலவசமாகச் சரிசெய்வதாக நிறுவனம் தரும் உறுதி. பிரேக் பட்டை, கிளட்ச், செயின் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக இதில் சேரா. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுபவருக்குக் காலக்கெடு முடியுமுன்பே தூரக்கெடு முடிந்துவிடும் என்பதை நெடும்பயணம் செய்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிப் பணிமனையில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லப்படுவது எப்போதும் சரியன்று. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ விலை கொடுத்துப் பெற்றால்தான் வாரண்டி செல்லும் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அத்தகைய நிபந்தனை விதித்ததாக ஹார்லி டேவிட்சன் மீது அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2022இல் நடவடிக்கை எடுத்தது.

இந்தியாவில் உள்ள வழிகள் பின்வருமாறு:

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் ஆகிய மூவரையும் பொறுப்பாக்கும் பிரிவு இதில் உண்டு. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915: வழக்குக்கு முன் சமரசமாகத் தீர்க்க உதவுவது.

• மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 110ஏ: 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு தயாரிப்பாளருக்கு ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

• பழுதுநீக்கும் உரிமைத் தளம்: ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. பழுதுநீக்கம் பற்றிய தகவல்களை நிறுவனங்கள் வாங்கியவர்களுக்குத் தருவது இதன் நோக்கம்.

எந்த வழியில் சென்றாலும் வாய்மொழிக்கு மதிப்பில்லை. டீலரிடம் வண்டியை விடும்போது குறையை வேலைச்சீட்டில் எழுதச்சொல்லி நகல் வாங்க வேண்டும். "ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பித் தந்தாலும், குறை சொல்லப்பட்ட தேதி அந்தச் சீட்டில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் அதே குறை பெரிதாகும்போது அந்தச் சீட்டே சாட்சி.

உரிமையாளரின் பொறுப்பு

டீலர் எவ்வளவு நல்லவராயினும் ஆண்டில் ஓரிரு நாட்களே வண்டியைப் பார்க்கிறார். மற்ற நாட்களில் பார்ப்பவர் உரிமையாளர். பின்வரும் பழக்கங்கள் எளியவை, பலன் பெரிது.

1. ஒரு குறிப்பேடு வைத்தல். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை எழுதிவர வேண்டும். பழுது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதை இது காட்டிக்கொடுக்கும். விற்கும்போது விலையையும் கூட்டும்.

2. பயணத்துக்கு முந்திய நாள் சர்வீஸ் செய்யாதிருத்தல். பணிமனையில் ஒரு திருகு தளர்வாக விடப்பட்டிருந்தால் அது நெடுஞ்சாலையில்தான் தெரியும். பத்து நாட்களுக்கு முன் சர்வீஸ் செய்து, சில நூறு கிலோமீட்டர் உள்ளூரில் ஓட்டிப் பார்த்தபின் கிளம்புவதே முறை.

3. சிறு பழுதுகளைத் தானே நீக்கக் கற்றல். பஞ்சர் ஒட்டுதல், ஃபியூஸ் மாற்றுதல், செயின் தொய்வைச் சரிசெய்தல், கிளட்ச் கேபிள் மாற்றுதல் ஆகிய நான்கும் தெரிந்தால் பெரும்பாலான தடங்கல்களைக் கடந்துவிடலாம்.

4. வண்டிக்கேற்ற சிறு பாகங்களை உடன் எடுத்துச்செல்லுதல். கேபிள்கள், ஃபியூஸ், பிரேக், கிளட்ச் பிடிகள், டியூப் ஆகியன இடத்தை அடைக்காதவை. மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், தண்டி என்ற ஊரில் அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ.க்கு அப்பால் என்று நீண்டகாலம் அறிவிப்புப் பலகை இருந்தது. பெட்ரோலுக்கே இந்த நிலை என்றால் உதிரிபாகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

5. செல்லும் வழியில் உள்ள சர்வீஸ் மையங்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்தல். கைப்பேசியில் மட்டுமின்றித் தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஷோரூமில் விலை, மைலேஜ், நிறம் ஆகியவற்றைக் கேட்காதவர் இல்லை. நீண்டகாலம் வைத்திருக்க நினைப்பவர் கீழ்க்கண்டவற்றையும் கேட்க வேண்டும்.

• வீட்டிலிருந்து அருகில் உள்ள சர்வீஸ் மையம் எவ்வளவு தூரம்? அது மூடப்பட்டால் அடுத்தது எங்கே?
• இந்த மாடலில் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் எத்தனை பேர்? எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கின்றனர்?
• கிளட்ச் தட்டு, பிரேக் பட்டை, எண்ணெய் வடிகட்டி ஆகியன இப்போது இருப்பில் உள்ளனவா? இல்லையெனில் எத்தனை நாளில் வரும்?
• முதல் 40,000 கி.மீ. வரை வரும் சர்வீஸ்களின் மொத்தச் செலவு எவ்வளவு?
• வெளியூரில் வண்டி நின்றுவிட்டால் இழுத்துச்செல்லும் உதவி உண்டா? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்?
• வாரண்டிப் பணியை வேறு மாநில டீலரும் செய்வாரா?

இவற்றுக்கான விடையை விற்பனைப் பிரிவில் கேட்பதைவிட, பின்புறம் உள்ள பணிமனை வாசலில் ஒரு சனிக்கிழமை காலை நின்று, சர்வீஸுக்கு வந்திருக்கும் உரிமையாளர்களிடம் கேட்பது சிறந்தது. "கடைசியாக ஒரு பாகத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில், விளம்பரத் தாளில் இல்லாத செய்தி கிடைக்கும்.

தொகுப்பு

பழுதே ஆகாத வண்டியைத் தேடுவது வீண். எளிதில் பழுதாகாத, பழுதானால் எளிதில் சரியாகும் வண்டியைத் தேடுவதே நடைமுறைக்கு ஏற்றது. அதில் முதல் பகுதி தொழிற்சாலையின் கையில் இருக்கிறது. இரண்டாம் பகுதி டீலரின் கையிலும் உரிமையாளரின் கையிலும் பாதிப்பாதியாக இருக்கிறது. சற்றுக் குறைந்த திறனுடைய வண்டியானாலும், பக்கத்து ஊரில் அக்கறையுள்ள பணிமனை இருந்தால், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வாங்க நினைப்பவர் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், பணிமனையை இருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.